எதையும் கேட்காத குப்பை

"ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன். குழுவுல ரெண்டாயிரத்து அறுநூறு பேர் இருக்காங்க. அத்தனை பேர் முன்னாடியும் அவன் தோலை உரிச்சுத் தொங்கவிடுறேன்!"

கண்ணாடிக் கடைக்காரர் மேசையை ஓங்கித் தட்டினார். தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த மூக்குக் கண்ணாடிகள் ஒருமுறை துள்ளி அடங்கின.

"பார்த்து சார். பாதி ஊரோட பார்வை அதுலதான் இருக்கு," என்றான் விசில்.

விசில் என்பது அவன் பெயர் அல்ல. பத்தொன்பது வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். முட்டி தேய்ந்து வேலையை விட்டான். விசிலைத் திருப்பிக் கொடுத்தாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அண்ணன் இறந்தபின் அண்ணியின் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். அவள் போகிற இடத்துக்கெல்லாம் வண்டி ஓட்டுவதும், அவள் பேசாத இடத்தில் பேசுவதும் அவன் வேலை.

அண்ணி ஒரு அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவள். ஒற்றுப்பிழை ஒன்றை வைத்து ஒரு போலி உயிலைப் பிடித்துக் கொடுத்ததிலிருந்து துப்புத் துலக்கும் வேலையும் அவளைத் தேடி வர ஆரம்பித்தது. இப்போது கடையின் பின்னறையில், கண் பரிசோதிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. என் கொழுந்தனுக்கு கம்ப்யூட்டர்னா டிக்கெட் மெஷின்தான்," என்றாள்.

கடைக்காரர் சொன்னார். பதினோரு வருடமாக அவர் நடத்துவது ஒரு மின்னஞ்சல் குழு. காணாமல் போனவர்களைத் தேடுகிற குழு. வீட்டுக்காரர்கள் எழுதுவார்கள். எங்காவது பார்த்தவர்கள் பதில் எழுதுவார்கள். ஒருவர் எழுதினால் உறுப்பினர் எல்லாருக்கும் போய்ச் சேரும்.

"பார்த்தவன் நம்ம குழுவுல இருக்கணும்னு இல்லையே? அதனால யார் வேணா எழுதலாம்னு வாசலைத் திறந்தே வெச்சிருக்கேன்."

"திறந்த வாசல்ல தெருநாயும் வருமே சார்."

"வருது. தினமும் நானூறு ஸ்பாம். அதுக்குத்தான் வாசல்ல ஆள். வெளியாள் மெயில் முதல்ல ஒரு வரிசையில நிக்கும். நாங்க பார்த்து நல்லதை உள்ள விடுவோம், குப்பையைத் தள்ளுவோம். மட்டுறுத்துநர்னு பேரு."

"பேரைச் சொல்றதுக்குள்ள பஸ்ஸே போயிடும். வாசக்காரங்கன்னு வெச்சுக்கிறேன். எத்தனை பேர்?"

"ரொம்ப நாளா நான் மட்டும்தான். எட்டு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு பேரைச் சேர்த்தேன். ஒரு சர்வேயர். ஒரு பல் கிளினிக் ரிசப்ஷனிஸ்ட். அந்தம்மாவை நேர்ல பார்த்ததுகூட இல்லை, எல்லாம் மெயில்லதான். மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யார் எதை உள்ள விட்டாங்கன்னு மெஷின் தனித்தனியா சொல்லாது."

ஆறு வாரமாகக் குப்பை மடல்கள் உள்ளே வருகின்றன. பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றியாயிற்று. மாற்றிய மறுநாளே மறுபடி வந்தன. உறுப்பினர்கள் திட்டித் தீர்த்துவிட்டு விலகிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பூட்டை யாரும் உடைக்கலை," என்றாள் அண்ணி. "உள்ளேர்ந்து திறந்து விடுறாங்க."

"சர்வேயர்தான்! உறுப்பினர் தவிர யாரும் எழுதக்கூடாதுன்னு சண்டை போட்டுக்கிட்டே இருக்கான். குழுவை மூடவைக்கப் பார்க்கிறான். ஆதாரம் மட்டும் குடுங்க."

"ஏன் செய்யறாங்கன்னு தெரிய வேண்டாமா?"

"யாருன்னு தெரிஞ்சா போதும். ஏன்னு எனக்குத் தேவையில்லை."

அண்ணி தலையை நிமிர்த்தி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு காகிதக் கட்டை மடியில் வைத்துத் தட்டி ஒழுங்காக்கினாள்.

தெருவுக்கு வந்து காரில் ஏறியதும் விசில் கேட்டான். "அண்ணி, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? வீட்டுல நான் மீதி சில்லறையை மறைச்சா இப்படித்தான் பார்ப்பீங்க."

"பறிகுடுத்தவன் முதல்ல கேக்கறது என்ன? 'நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்?' இவருக்கு அந்தக் கேள்வியே வரலை." அவள் முதல் காகிதத்தை நீட்டினாள். "படி."

"'வாழ்த்துகள்! உங்களுக்குப் பெரும் பரிசு விழுந்திருக்கிறது. இது முதல் அறிவிப்பு.' அடுத்தது இரண்டாம் அறிவிப்பு. மூணாவது கடைசி அறிவிப்பு. அப்புறம் மறுபடி முதல் அறிவிப்பு. எல்லாம் மூணு மூணா வருது. லாட்டரிக் குப்பை. எனக்கும் வரும். உலகத்துல பாதிப் பேர் எனக்குக் கோடி குடுக்கத் துடிக்கிறாங்க."

"உனக்கு வர்றது என்ன கேக்கும்?"

"பேங்க் நம்பர் கேக்கும். லிங்க்கை அமுக்கச் சொல்லும்."

"இது?"

விசில் புரட்டினான். பத்து, இருபது, ஐம்பது. லிங்க் இல்லை. எண் இல்லை. "எதையும் கேக்கலையே அண்ணி! வீடு புகுந்த திருடன் எதையும் எடுக்காம 'வந்தேன், போறேன்'னு சொன்ன மாதிரி இருக்கு."

"இன்னொண்ணு. எழுதின ஆளுக்குத் தமிழ் தெரியும். குப்பை மெயில் மெஷின்ல மொழிபெயர்த்து வரும், பக்கத்துக்குப் பத்துப் பிழை இருக்கும். இதுல ஒரு ஒற்றுகூடத் தப்பலை. 'வாழ்த்துகள்'னு எழுதியிருக்கு. ஊர்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் நடுவுல ஒரு 'க்' போட்டு 'வாழ்த்துக்கள்'னுதான் எழுதுவாங்க." அவள் காகிதத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். "கடைசியா இதைப் பாரு."

எல்லாக் காகிதங்களும் அடியில் ஓர் அங்குலம் கத்தரிக்கப்பட்டிருந்தன. நேராக, சுத்தமாக.

"ஃபைல்ல அடங்கலைன்னு வெட்டியிருப்பாரு."

"அடங்கலைன்னா மடிப்பாங்க தம்பி. ஆறு வாரத்துக் காகிதத்தை உட்கார்ந்து வெட்டினா, அது வேற கதை. சர்வேயர்கிட்ட போ."

*

சர்வேயர் நெடுஞ்சாலை ஓரத்தில், முக்காலிக் கருவிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவர்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் இரண்டு கண்ணையும் திறந்து முறைத்தார்.

"நானா? எனக்கு அந்தக் குழுவை மூடணும்னா, 'மூடுங்கய்யா'ன்னு நேராவே சொல்லுவேன். சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். என் சித்தப்பா காணாமப் போய் நாலு வருஷமாச்சு. இந்தக் குப்பைக்கு நடுவுல அவரைப் பத்தி ஒரு வரி வந்தாலும் யார் கண்ணுல படும்?"

"கோபம் நியாயம்தான் சார்," என்றாள் அண்ணி. "ஒரு சின்ன உதவி. இன்னிக்கு இவனுக்குப் பிறந்தநாள். எல்லார்கிட்டயும் ஒரு வரி எழுதி வாங்கிட்டிருக்கேன்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து நீட்டினாள். பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்த விசில், வெட்கப்படுகிறவன் போல் முகத்தை வைத்துக்கொண்டான். சர்வேயர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

'பிறந்தநாள் நல்வாழ்த்துக்கள்.'

அண்ணி அந்தக் 'க்'கைப் பார்த்துப் புன்னகைத்தாள். "நன்றி சார். உங்களை விட்டுட்டேன். இப்ப அந்தக் குப்பை மெயில் ஒண்ணை உங்க போன்ல காட்டுங்க. அடி வரைக்கும்."

சர்வேயர் காட்டினார். கடைக்காரர் கத்தரித்திருந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

'பரிசைப் பெற : பெரிய பேருந்து நிலையம், மூன்றாம் பெஞ்சு.'

"இது எப்பவும் இருக்கும். ஏதோ உளறல்னு விட்டுட்டோம்," என்றார் சர்வேயர்.

விசில் ஏற்கெனவே கார் கதவைத் திறந்துவிட்டிருந்தான். "ஏறுங்க அண்ணி. அது என் ராஜ்ஜியம்."

*

பெரிய பேருந்து நிலையத்தில் விசிலைத் தெரியாதவர்கள் கிடையாது. நான்கு பேர் தோளில் தட்டினார்கள், இரண்டு பேர் பழைய கடனைப் பற்றிப் பேசாமல் நழுவினார்கள். மூன்றாம் பெஞ்சு சிமெண்டில் கட்டியது. அதற்கு நேர் எதிரே, பெட்டி அளவில் ஒரு லாட்டரிக் கடை; மாநில எல்லையைத் தாண்டி இருக்கும் ஊர் என்பதால் லாட்டரிக்கு இங்கே தடை இல்லை. உள்ளே கால் ஊனமான ஒருவர் சீட்டுகளைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பரிசு வாங்க வந்திருக்கோம் அண்ணே," என்றான் விசில். "மூணாம் பெஞ்சுல தருவாங்கன்னு சொன்னாங்க."

லாட்டரிக்காரரின் கை நின்றுவிட்டது.

"அந்தப் பெஞ்சைப் பத்தி யார் சொன்னா?"

"ஏன், என்ன நடந்தது அங்க?" என்று அண்ணி கேட்டாள்.

ஒரு பேருந்து வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. புகை கலைந்தபின் அவர் சொன்னார்.

"போன வருஷக் கடைசியில ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். பையன் என்ன, முப்பது முப்பத்திரண்டு இருக்கும். எங்கேர்ந்து வர்றேன்னு தெரியலை. பேர் தெரியலை. 'அக்கா வருவா'ன்னு அது ஒண்ணைத்தான் சொல்வான். ஒவ்வொரு பஸ்ஸா எழுந்து போய்ப் பார்ப்பான், திரும்பி வந்து உட்காருவான். நான் எனக்கு வாங்கற சாப்பாட்டுல பாதியைக் குடுப்பேன். அப்புறம் தூண்ல ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தேன். அதே மூஞ்சி. கீழ ஒரு மெயில் விலாசம். என் கடை போன்லேர்ந்து எழுதினேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடி எழுதினேன். காய்ச்சல் வந்ததும் மூணாவதா எழுதினேன். ஒருத்தரும் வரலை."

"அப்புறம்?" விசிலின் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

"பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரி வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சு. நெஞ்சுல சளி. ரெண்டு நாள்தான் தாங்கினான். அவங்க அக்கா அதுக்கப்புறம்தான் வந்தா. 'மூணு தடவை எழுதினேனேம்மா'ன்னேன். அவ அழலை. போன்ல நான் அனுப்பினதைக் காட்டச் சொன்னா, நின்னு படிச்சா, போயிட்டா. ஏதாவது ஞாபகம் வந்தா கூப்பிடச் சொல்லி ஒரு அட்டை குடுத்தா."

அட்டையை அவர் சீட்டுகளோடு சேர்த்துக் கிளிப்பில் மாட்டியிருந்தார். ஒரு பல் கிளினிக்கின் அட்டை. பின்புறம் கையால் எழுதியிருந்தது: 'அழைக்க வேண்டிய நேரம் : எப்போது வேண்டுமானாலும்.'

"முக்காற்புள்ளிக்கு முன்னால ஒரு இடைவெளி விட்டிருக்கா," என்றாள் அண்ணி மெதுவாக. "குப்பை மெயில்லயும் அப்படித்தான் இருந்தது."

"அண்ணே, நீங்க அனுப்பின மெயில் மேல என்ன இருக்கும்?" என்று கேட்டான் விசில்.

"கடை போனாச்சே. எதை அனுப்பினாலும் மேல தானா விழும். 'பரிசு உங்களுக்கே!'ன்னு."

*

கிளினிக்கில் இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளிருந்து துளை போடும் சத்தம் சீறிச் சீறி வந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையில் ஒரு சுருக்கமில்லை, மேசையில் ஒரு தூசியில்லை.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

"மூன்றாம் பெஞ்சில்," என்றாள் அண்ணி.

அவள் பேனாவை மூடி வைத்தாள். பயப்படவில்லை. பெருமூச்சுகூட விடவில்லை.

"ஆறு வாரம் ஆயிடுச்சு. அவர் இன்னும் சீக்கிரம் ஆள் அனுப்புவார்னு நினைச்சேன்," என்றாள். "வாங்க, எக்ஸ்ரே ரூம் காலியா இருக்கு."

எக்ஸ்ரே அறையில் மூன்று பேர் நிற்கத்தான் இடமிருந்தது. அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"என் தம்பி வெல்டர். சாரத்துலேர்ந்து விழுந்தான். அதுக்கப்புறம் வீடு மறந்துபோகும், தெரு மறந்துபோகும். என்னை மட்டும் மறக்கலை. அவன் காணாமப் போனதும் அந்தக் குழுவுக்கு எழுதினேன். நோட்டீஸ் அடிச்சு, அந்த விலாசத்தைப் போட்டு, ஊர் ஊரா ஒட்டினேன். பதில் எல்லாம் அங்கதான் வரும்னு சொன்னாங்க. நம்பினேன். அவன் போனதுக்கப்புறம் குழுவுல கேட்டேன், மூணு மெயில் என்னாச்சுன்னு. கண்ணாடிக் கடைக்காரர் பதில் போட்டார். 'இயந்திரம் குப்பை என்று தள்ளியிருக்கும். வருந்துகிறோம்.' ரெண்டு வரி."

"நீங்க அதை நம்பலை."

"நம்பினேன் மேடம். இன்னொரு அக்காவுக்கு இப்படி ஆகக்கூடாதுன்னுதான் வாசல்ல உட்கார வந்தேன், கிளினிக் விலாசத்துலேர்ந்து. தள்ளின மெயில் எல்லாம் ஒரு வருஷம் ஒரு மூலையில கிடக்கும். போய்ப் பார்த்தேன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, மெஷின் தள்ளிச்சா கை தள்ளிச்சான்னு போட்டிருக்கும். என் தம்பியோட மூணும் கையால தள்ளினது. அப்ப அங்க இருந்த கை ஒண்ணே ஒண்ணுதான். காலைல ஒன்பது நாலுக்கு, ஒரே செகண்டுல இருநூத்திப் பன்னெண்டு மெயில். ஒரு செகண்டுல எத்தனை கடிதம் படிக்க முடியும்?"

அவளே தொடர்ந்தாள்.

"தினமும் அப்படித்தான். மொத்தமாத் தேர்ந்தெடுத்து, மொத்தமாத் தள்ளிட்டு, கடையைத் திறக்கப் போயிடுவார். எது குப்பைன்னு தள்ளினாரோ, அதையே அவர் வாசல்ல கொட்டறேன்னு முடிவு பண்ணேன். முதல் அறிவிப்பு, ரெண்டாம் அறிவிப்பு, கடைசி அறிவிப்பு. நாள் தவறாம. அவருக்குத் தூக்கம் வரக்கூடாது. யார், யார்னு அலையணும். கடைசியில அந்தப் பெஞ்சுக்கு வந்து நிக்கணும்."

விசிலுக்கு அவள் தோளைத் தொட்டு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனால் அண்ணியின் முகம் இளகவில்லை.

"இந்த ஆறு வாரத்துல முந்நூத்தி நாப்பது பேர் குழுவை விட்டுப் போயிட்டாங்க," என்றாள் அண்ணி. "நீங்க கொட்டின குப்பையால. அந்த முந்நூத்தி நாப்பதுல ஒருத்தர் நாளைக்கு ஏதாவது ஒரு பெஞ்சைப் பார்ப்பார். யாரோ தேடுறாங்கன்னு அவருக்குத் தெரியாது. கடந்து போயிடுவார்."

துளை போடும் சத்தம் நின்றிருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை நான் நினைக்கலை."

"பழி வாங்கறவங்க யாரும் நினைக்கறதில்லை. உங்களுக்கு வேண்டியது பழியா, இல்லை அவர் வாயால உண்மையா?"

"ரெண்டும்," என்றாள் அவள்.

அண்ணி அந்தப் பதிலை எடை போட்டுப் பார்ப்பவள்போல் நின்றாள். "சரி. அந்த மூலையிலேர்ந்து வேற என்னவெல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்க?"

அவள் மேசைக்குப் போய், பூட்டிய இழுப்பறையிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்தாள். "போன வாரம்தான் ஒவ்வொண்ணாப் படிச்சு முடிச்சேன். தமிழ்ல இருந்தது மட்டும் பன்னெண்டாயிரம் குப்பை. அதுக்குள்ள பதினோரு நிஜம். இது போக இன்னொரு தாள் இருக்கு."

அந்தத் தாளை அண்ணி ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"லீவு சொல்லிட்டு வாங்க," என்றாள்.

*

சாயங்காலம் ஐந்து மணி. கண்ணாடிக் கடைக்காரர் அவர்களைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"கிடைச்சுட்டானா? சர்வேயர்தானே? பேரைச் சொல்லுங்க, இப்பவே குழுவுல போடுறேன்!"

"சொல்றேன் சார். அதுக்கு முன்னால ஒரு கண் பரிசோதனை. நீங்க உட்காருங்க, உங்க நாற்காலியில."

"எனக்கா?"

"உட்காருங்க சார். சீட்டு கிடைக்கறப்ப உட்கார்ந்துடணும்," என்று விசில் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

எதிர்ச் சுவரில், எழுத்துப் பலகை இருக்கிற இடத்தில், அண்ணி ஒரு நீளமான தாளைத் தொங்கவிட்டாள். வருகிற வழியில் நகல் கடையில் பெரிதாக்கியது. மேலே கட்டை விரல் உயரத்துக்கு எழுத்து, கீழே போகப் போகச் சிறியது. விளக்கைப் போட்டாள்.

"முதல் வரி தெரியுதா?"

"'பரிசு உங்களுக்கே!'" கடைக்காரர் எரிச்சலோடு திரும்பினார். "இந்தக் குப்பையைத்தானே நிறுத்தச் சொன்னேன்?"

"அடுத்த வரி."

"'ஐயா... நீங்கள் தேடும் ஆள் இங்கு...'"

அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எழுத்துப் பிழை நிறைய இருக்கு. ஒண்ணைக்கூட நான் திருத்தலை," என்றாள் அண்ணி. "படிங்க. போன வருஷம் படிக்காததைப் படிங்க."

"'...பேருந்து நிலையத்தில் மூன்றாம் பெஞ்சில் இருக்கிரார். அக்கா வருவா என்று சொல்கிரார். இரவில் குளிர் அதிகம். சீக்கிரம் வரவும்.'" அவர் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின. "இது... மெஷின்... சில சமயம் மெஷின் தவறுதலா..."

அண்ணி கைப்பையைத் திறந்து, மடித்த தாளை எடுத்தாள்.

"மெஷின் இல்லை, கை. அதுகூடப் போகட்டும். சோம்பல்னு விட்டுடலாம். இதைப் பாருங்க. அந்த அக்கா குழுவுல எழுதிக் கேட்டா இல்லையா, மூணு மெயில் என்னாச்சுன்னு? அன்னிக்குப் பதினொன்னரை மணிக்கு, தள்ளின மூலைக்குள்ள யாரோ போய், அந்த மூணையும் ஒவ்வொண்ணாத் திறந்து படிச்சிருக்காங்க. திறந்தா நேரம் விழும். அப்ப பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தான் இருந்தது. படிச்சீங்க. எல்லாம் தெரிஞ்சது. பன்னெண்டு மணிக்கு 'இயந்திரம் தள்ளியிருக்கும்'னு எழுதினீங்க."

விசில் வாயைப் பிளந்தான். "அப்ப ஆறு வாரத்துக்கு முன்னாடி முதல் குப்பை வந்த அன்னிக்கே..."

"அன்னிக்கே புரிஞ்சிருக்கு. அதனாலதான் அடி வரியை வெட்டிட்டுக் குடுத்தார். குப்பையை நிறுத்த நம்மளைக் கூப்பிடலை தம்பி. யாருக்கு விஷயம் தெரிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கக் கூப்பிட்டிருக்கார். அந்த ஆளை முதல்ல எல்லார் முன்னாலயும் திருடனாக்கிட்டா, அப்புறம் அவ எதைச் சொன்னாலும் எடுபடாது."

பின்னறையின் கதவுத் திரை விலகியது. அந்த அக்கா உள்ளே வந்து, தாளுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றாள். கடைக்காரர் அவளை இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் யாரென்று கேட்கவில்லை.

"பத்து வருஷம் ஒவ்வொண்ணாத்தான்மா படிச்சேன்," என்றார். "தினமும் நானூறு. அதுல நிஜம் ஒண்ணு இருக்கும், இல்லாமலும் போகும். கண்ணு எரியும். ஒரு நாள் படிக்காமத் தள்ளினேன். ஒண்ணும் ஆகலை. மறுநாளும் ஒண்ணும் ஆகலை..."

"முடியலைன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் வந்து படிச்சிருப்பேன்," என்றாள் அவள். "நூறு பேர் வந்திருப்போம். ராத்திரி பகலா உட்கார்ந்து படிச்சிருப்போம்."

"உன் காலைப் பிடிச்சுக்கிறேன். வெளிய சொல்லிடாதே. குழுவே அழிஞ்சுபோயிடும்."

"குழு அழியாது சார்," என்றாள் அண்ணி. "வாசல் திறந்தேதான் இருக்கும். இனிமே முப்பது பேர் முறை போட்டு உட்காருவாங்க. வர்ற வழியில சர்வேயர்கிட்ட பேசிட்டேன், பட்டியல் போட ஆரம்பிச்சாச்சு. இந்தம்மா அனுப்பின குப்பைக்கு இந்தம்மாவே பேர் போட்டு எழுதப் போறாங்க, விலகினவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு. நீங்க செஞ்சதுக்கு நீங்க எழுதுவீங்க. உங்க பேர் போட்டு."

"எழுதறேன். நாளைக்கு எழுதறேன்."

"எழுதறது நாளைக்கு." அக்கா உறையைப் பிரித்து, பதினோரு கடிதங்களையும் அவர் மடியில் வைத்தாள். "இது இன்னிக்கு. இந்தப் பதினோரு வீட்டுக்கும் நீங்க தள்ளின கடிதம் இது. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வந்தது இருக்கு, போன வாரம் வந்ததும் இருக்கு. சிலர் இன்னும் அங்கயே இருக்கலாம். நீங்களே கூப்பிட்டு, நீங்களே சொல்லணும். எப்ப வந்தது, யார் தள்ளினதுன்னு. ஒவ்வொண்ணா. நான் இங்கயே நிப்பேன்."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுவரைப் பார்த்தாள். விசிலைப் பார்த்தார். அவன் மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்து அவர் மடியருகே வைத்தான். ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினான்.

முதல் கடிதம், வெளியூர்ச் சலவைக்கூடம் ஒன்றில் துணி மடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கடைக்காரர் எண்களை அழுத்தி முடிக்க மூன்று முறை ஆயிற்று.

மறுமுனையில் முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை.

"ஹலோ!" ஒரு அம்மாவின் குரல். பின்னால் நாற்காலி ஏதோ கவிழும் சத்தம். "யாரு, குழுவுலேர்ந்தா? கிடைச்சுட்டாளா?"

கடைக்காரரின் விரல் மெல்ல நகர்ந்து, இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானைத் தேடிப் போயிற்று.

அக்கா தன் கையை அதன்மேல் வைத்து மறைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."